விவசாயி வீட்டுக்கு ஒரு விவசாயப் பட்டதாரி

"பட்டம் படித்தவன் சேற்றில் இறங்குவானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறங்காமல் பி.எஸ்ஸி. விவசாயப் பட்டம் கிடைக்காது. நான்காண்டுப் படிப்பில் வயல் வேலையும் பாடமே. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளிடமும் பயில வேண்டும்.

இக்கல்வியின் வேர் நம் பக்கத்தில்தான் உள்ளது. அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த சைதாப்பேட்டையில் 1868-ல் விவசாயப் பள்ளி தொடங்கியது. 1906-ல் அது கோவைக்கு மாறியது. 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

மாமல்லபுரம் கரையோரத்தில் கிணற்று நீர் உப்பானால் என்ன பயிரிடலாம்? மண்ணையும் நீரையும் சோதித்து முடிவு செய்ய இப்படிப்பு கைகொடுக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் பிளஸ் 1 சேரும்போதே உரிய பாடப்பிரிவை எடுக்க வேண்டும். பிறகு வருந்திப் பயனில்லை.