சரக்கு இல்லாத சரக்கு ரயில்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர் நகருக்கு வடக்கே லஃப்பரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய ரயில் நிலையத்தில் ஆண்டில் சில நாட்களில் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம். கரிய நிற நீராவி எஞ்சின் ஒன்று, இரும்பினாலான நிலக்கரிப் பெட்டிகளின் நீண்ட வரிசையை இழுத்துக்கொண்டு புறப்படுகிறது. பெட்டிகளில் நிலக்கரி இல்லை. சில மைல் தூரம் போகிறது, திரும்பி வருகிறது. வழியில் எதையும் ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. ஆனால் பாலங்களிலும் வேலி ஓரங்களிலும் மக்கள் கூடி நின்று அதைப் பார்க்கிறார்கள்.

"சரக்கே இல்லாத சரக்கு ரயிலா? கரிக்கும் உழைப்புக்கும் கேடு அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல, நீங்கள் பள்ளியில் படிக்கும் உராய்வும் உந்தமும் நமக்குத் துணை வரும்.

பாதையின் கதை

இது கிரேட் சென்ட்ரல் ரயில்பாதை. இதன் வழியாக லண்டனுக்குச் செல்லும் பயணிகள் போக்குவரத்து 1899-இல் தொடங்கியது. 1969-இல் இப்பகுதி மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்படும் முன் ரயில் ஆர்வலர்கள் ஒன்றுகூடி ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். இன்று லஃப்பரோவிலிருந்து லெஸ்டரின் எல்லை வரை 8 மைல் நீளத்துக்கு அது உயிரோடு இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் இரட்டைப் பாதையே உண்டு.

1950-களின் பிற்பகுதியில் ஆன்ஸ்லி என்ற இடத்திலிருந்து உட்ஃபர்ட் ஹால்ஸ் வரை இப்பாதையில் நிலக்கரி ரயில்கள் விரைந்து சென்றன. அவற்றின் வேகத்தைக் கண்டு 'காற்றைக் கிழிப்பவை' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இழுத்தது '9எஃப்' என்னும் எஞ்சின். 1954 முதல் 1960 வரை இவ்வகையில் 251 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஆனால் 1968 ஆகஸ்டிலேயே பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரும் பாதைகளில் நீராவியின் காலம் முடிந்துவிட்டது. பத்து ஆண்டுகள்கூட ஓடாமல் பழைய இரும்புக்குப் போன எஞ்சின்கள் பல. தப்பிப் பிழைத்தவை சிலவே.

புறப்படுவது எப்படி?

சரக்குப் பெட்டி ஒவ்வொன்றும் 16 டன் நிலக்கரி ஏற்றக் கூடியது. காலிப் பெட்டியின் எடை சுமார் 7 டன். ஆகவே நிறைந்த பெட்டி 23 டன். நாற்பது பெட்டிகள் என்றால் 920 டன்!

நின்றுகொண்டிருக்கும் பெட்டியை நகர்த்துவது கடினம். நகர்ந்துவிட்டால் இழுப்பது எளிது. பெட்டியின் அச்சு சுழலும் இடத்தில் எண்ணெய் உண்டு. சக்கரம் ஓடும்போது அந்த எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. பெட்டி வெகுநேரம் நின்றால், எடை தாங்காமல் அந்தப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். உலோகம் உலோகத்தின் மேல் அமர்ந்துகொள்ளும். ஆகவேதான் புறப்படும்போது உராய்வு அதிகம்.

நாற்பது பெட்டிகளின் உராய்வையும் ஒரே நேரத்தில் வெல்வது எப்படி? இங்கேதான் பழைய பொறியாளர்களின் தந்திரம் இருக்கிறது. பெட்டிகளை இணைப்பது மூன்றே வளையங்கள் கொண்ட ஒரு தளர்ந்த சங்கிலி. எஞ்சின் நகரும்போது முதல் சங்கிலி மட்டும் விறைக்கிறது. முதல் பெட்டி நகர்கிறது. பிறகு இரண்டாவது, மூன்றாவது... இப்படிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. எந்த நேரத்திலும் எஞ்சின் வெல்ல வேண்டியது ஒரே ஒரு பெட்டியின் நிலை உராய்வையும், ஏற்கெனவே ஓடுகிறவற்றின் சிறிய இயக்க உராய்வையும்தான்.

ஆனால் இந்தத் தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வோர் இணைப்பிலும் 20 சென்டிமீட்டர் தளர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது இணைப்புகளில் அது 8 மீட்டர் ஆகிறது. எஞ்சின் 8 மீட்டர் நகர்ந்து வேகம் பிடித்த பிறகே கடைசி வண்டி நகரும். அதுவும் மெதுவாக அல்ல. நின்ற நிலையிலிருந்து ஒரே வெட்டாக! அந்தக் கடைசி வண்டியில்தான் கார்டு இருக்கிறார். சங்கிலிகள் 'டக் டக்' என்று விறைக்கும் ஓசை தன்னை நோக்கி ஓடி வருவதைக் கேட்டு, அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

9எஃப் எஞ்சினின் இழுவிசை ஏறக்குறைய 17.7 டன் எடைக்குச் சமம். அதன் பத்து இயக்கு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் செலுத்தும் எடை 77.5 டன். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 0.23 வருகிறது. அதாவது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வுக் குணகம் குறைந்தது 0.23 இருந்தால்தான் இந்த எஞ்சின் தன் முழு பலத்தையும் காட்ட முடியும்.

தண்டவாளம் காய்ந்திருந்தால் கவலை இல்லை. மழைத் தூறலோ, நசுங்கிய இலைகளோ இருந்தால் குணகம் அதற்கும் கீழே இறங்கிவிடும். சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கும். வழுக்கும் சக்கரத்தின் உராய்வு வழுக்காத சக்கரத்தின் உராய்வைவிடக் குறைவு. ஆகவே டிரைவர் மேலும் நீராவியைத் திறந்தால் நிலைமை மோசமாகும். அவர் நீராவியைக் குறைக்க வேண்டும். சக்கரத்தின் முன்னே மணலைத் தூவ வேண்டும். பலம் போதாதபோது பலத்தைக் குறைப்பதா? ஆம், அதுதான் இங்கே சரியான வழி.

நிறுத்துவதே பெரும்பாடு

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம். இப்பெட்டிகளில் டிரைவர் இயக்கக்கூடிய பிரேக் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் ஒரு கைப்பிரேக் மட்டும் இருக்கும். வண்டி நின்ற பிறகே அதைத் தொட முடியும். ஓடும் ரயிலை நிறுத்த, முன்னால் எஞ்சினின் பிரேக். பின்னால் 20 டன் எடையுள்ள பிரேக் வேனில் கார்டு திருகும் கைப்பிரேக். நடுவில் உள்ள அத்தனை எடைக்கும் இவ்விரண்டே கடிவாளம்.

920 டன் எடை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 5 கோடியே 70 லட்சம் ஜூல். இறக்கத்தில் டிரைவர் அவசரமாகப் பிரேக் பிடித்தால், பின்னால் வரும் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு எஞ்சினைத் தள்ளும். பிறகு எஞ்சின் மீண்டும் இழுத்தால் சங்கிலிகள் வெடுக்கென்று விறைக்கும். ஒரு சங்கிலி அறுந்தால் பின்பகுதி தனியே ஓடிவிடும். அதனால்தான் செங்குத்தான இறக்கங்களுக்கு முன் ரயிலை நிறுத்தி, சில பெட்டிகளின் கைப்பிரேக்குகளைத் தடியால் அழுத்திப் பூட்டுவார்கள். கார்டும் தன் பிரேக்கை அளவாகத் திருகி, சங்கிலிகள் தளராமல் பார்த்துக்கொள்வார். ரயிலின் இரு முனைகளில் நிற்கும் டிரைவரும் கார்டும் ஒருவர் மனத்தை மற்றவர் அறிய வேண்டும். விசிலும் கை விளக்கும்தான் அவர்களுடைய மொழி.

பிரேக் வேனின் இரு பக்கங்களிலும் உள்ள விளக்குகள் பின்னால் சிவப்பாகவும் முன்னால் வெள்ளையாகவும் தெரியும். ஏன் முன்னால் வெள்ளை? டிரைவர் திரும்பிப் பார்த்து அந்த வெளிச்சத்தைக் கண்டால், ரயில் அறுபடாமல் முழுதாக வருகிறது என்று பொருள்!

வெறும் வேடிக்கையா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பழைய பாதைகளில் ஓடும் பயணி ரயில்களில் எல்லாப் பெட்டிகளுக்கும் பிரேக் உண்டு, இணைப்புகளும் இறுக்கமானவை. ஆயிரம் முறை பயணி ரயிலை ஓட்டினாலும் தளர்ந்த சங்கிலி ரயிலை ஓட்டும் கலை வராது. அதைப் புத்தகத்தில் எழுதி வைக்கலாமே என்பீர்கள். புத்தகம் படித்து யாராவது சைக்கிள் ஓட்டக் கற்றதுண்டா?

1968-இல் 20 வயது இளைஞராகக் கரி அள்ளிப் போட்ட பயர்மேனுக்கு இன்று 75 வயது கடந்துவிட்டது. அவர் கைகளில் உள்ள அறிவு அவரோடு போகும் முன் இளைய தொண்டர் ஒருவரின் கைகளுக்கு மாற வேண்டும். அதற்காகத்தான் காலிப் பெட்டிகள் ஓடுகின்றன. கண்காட்சியில் அசையாமல் நிற்கும் எஞ்சினைப் பார்த்து அதன் உருவத்தை அறியலாம். அதை ஆளும் விதத்தை அறிய முடியாது.

இதற்குக் கரி செலவாகிறது என்பது உண்மை. நீராவி எஞ்சின் எரிக்கும் கரியின் ஆற்றலில் நூற்றில் பத்துப் பங்குகூடப் பயனுள்ள வேலையாக மாறுவதில்லை. புகையும் உண்டு. லஃப்பரோவுக்குச் சில மைல் தொலைவில் இருந்த ராட்கிளிஃப் அனல் மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரியால் மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அதுதான். பிரிட்டனின் ஆழ்சுரங்கங்களில் கடைசியானது 2015-லேயே மூடப்பட்டுவிட்டது. இனி இத்தகைய ரயில்களுக்கு வேண்டிய கரியைத் தேடுவதே பெரிய வேலை. ஆகவே கற்க வேண்டியதை ஒவ்வோர் ஓட்டத்திலும் கவனமாகக் கற்றாக வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

எட்டுக் காலித் தீப்பெட்டிகளில் மணல் நிரப்புங்கள். நூலால் வரிசையாகக் கட்டி மேஜைமேல் வையுங்கள். முதல் பெட்டியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதன் மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். நூல்கள் எல்லாம் விறைப்பாக இருக்கும்போது, பெட்டிகள் நகரத் தொடங்கும் கணத்தில் ரப்பர் எவ்வளவு நீள்கிறது? அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டிகளை நெருக்கி வைத்து, நூல்களைத் தளரவிட்டு மீண்டும் இழுங்கள். ரப்பரின் மிகப் பெரிய நீட்சி எவ்வளவு? இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். மூன்றாவது முறை வெடுக்கென்று இழுத்து, கடைசிப் பெட்டி என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். அந்தப் பெட்டியில்தான் கார்டு இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்!