‘பள்ளி’யா, ‘பல்லி’யா? எழுத்துப் பிழையைத் திருத்தும் பில்டிங் பிளாக்ஸ்

‘பள்ளிக்குப் போனேன்’ என்பதை ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதுகிறதா உங்க வீட்டுக் குழந்தை? திட்டாதீங்க. பில்டிங் பிளாக்ஸை எடுங்க.

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய, தமிழக அரசு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் உட்பட மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை ஆடல், பாடல், விளையாட்டு வழியே பாடம் நடந்தது. வீட்டிலும் இதைத் தொடரலாம்.

எப்படி? பிளாக்ஸ் மேல் பேப்பர் ஒட்டி எழுத்துகளை எழுதுங்க. ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று நிறம். கொம்பு, காலுக்குத் தனி பிளாக்ஸ். ‘கொ’ வேணும்னா ‘க’வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால்.

நோட்டில் தப்பு வந்தால் அழிக்கணும். இங்கே கழற்றி மாட்டினால் போதும். தப்புக்குப் பயப்படாத குழந்தைதான் மறுபடியும் எழுதிப் பார்க்கும்.