சிப்பிக்கும் மூச்சு வாங்கும்

உணவங்காடியில் முட்டையோடு பொரித்துத் தரும் சிப்பியைச் சாப்பிட்டிருப்பீர்கள். அது எவ்வளவு மூச்சு விட்டிருக்கும் என்று யோசித்ததுண்டா? உயிரியல் படிக்கும் எனக்கு அதை அளக்கும் வேலை வந்தது. மூடிய சாடியில் கடல்நீர், உள்ளே ஒரு சிப்பி. நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அதை வைத்தே அதன் வளர்சிதை மாற்றத்தைக் கணக்கிடுகிறோம். சிப்பி ஓடுகளை இறுக்கி மூடிக்கொண்டால் அளவே கிடைக்காது. பாதி நேரம் அது திறக்கக் காத்திருப்பதிலேயே போய்விடும்!

நம்மைப்போல் உடல் சூட்டை 37 டிகிரியில் வைத்திருக்கச் சிப்பிக்குத் தெரியாது. நீரின் சூடுதான் அதன் சூடு. தாங்கக்கூடிய எல்லைக்குள் நீர் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால், ஆக்ஸிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாச் சிப்பி கடுங்குளிரில் உண்பதையே ஏறத்தாழ நிறுத்திவிடும். கோடையில் மும்முரமாக நீரை வடிகட்டும்.

உடல் அளவின் கணக்கு இன்னும் சுவையானது. 16 கிராம் சதையுள்ள சிப்பி, 1 கிராம் சிப்பியைப்போல் 16 மடங்கு ஆக்ஸிஜன் இழுக்காது. சுமார் 8 மடங்குதான். எடையின் 0.75 அடுக்கு என்று மேக்ஸ் கிளைபர் 1932இல் மற்ற விலங்குகளை வைத்துச் சொன்ன விதி, இதற்கும் ஓரளவு பொருந்துகிறது. அப்படியென்றால் கிராமுக்குக் கிராம் பார்க்கையில் குட்டிதான் இரு மடங்கு செலவாளி. 20 டிகிரியில் குட்டி ஓடும் வேகத்தை, பெரியது 30 டிகிரியில்தான் எட்டும்.

சிக்கல் என்னவென்றால், சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் கடல்நீர் 20 டிகிரியில் சுமார் 7.4 மில்லிகிராம் வைத்திருக்கும். 30 டிகிரியில் 6.2தான். தேவை ஏற, வரவு இறங்குகிறது. தீனியும் போதாவிட்டால், சேமித்த கிளைக்கோஜனைச் சிப்பி கரைத்துத் தின்னும், சதை மெலியும்.

2021 ஜூன் இறுதியில் கனடாவின் மேற்குக் கரையை வெப்ப அலை தாக்கியது. நீர் வற்றிய நேரத்தில் வெயிலில் சிக்கி, சிப்பிகள் உட்பட நூறு கோடிக்கும் மேற்பட்ட கரையோர உயிரினங்கள் மாண்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

நம் மலாக்கா நீரிணையில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி. இங்குள்ள சிப்பிகள் அதற்குப் பழகியவை. ஆனால், ஓய்வெடுக்க அவற்றுக்குக் குளிர்காலம் கிடையாது. இன்னும் இரண்டு டிகிரி ஏறினால் குட்டிகள் எவ்வளவு இழுக்கும்? அடுத்த சாடியில் நான் அளக்கப்போவது அதைத்தான்.