பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் கல்லாவுக்கு



நம் இதழில் சரக்கு விலை, வரி, எடைச் சட்டம் பற்றி எழுதுவதே எங்கள் வழக்கம். இம்முறை உடம்பைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிறோம். நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. இரத்த அழுத்தம் பார்க்கப் பொழுது கிடையாது. பாரிசவாயு என்று பெரியவர்கள் சொன்ன பக்கவாதம் வந்து படுத்தவர் ஒருவராவது நமக்குத் தெரிந்த கடைவீதியில் இருப்பார். அவர் உயிரைக் காப்பாற்றுவது மருத்துவமனையின் வேலை. பிறகு அவரைத் தானே சாப்பிடவும், குளிக்கவும், கடைக்கு வரவும் வைப்பது பெரும்பாலும் வீட்டாரின் வேலை. அதில் நாங்கள் செய்த தவறுகளையும் கற்றுக்கொண்டதையும் உள்ளபடி சொல்கிறோம்.

அன்று நடந்தது

மதுரையில் எங்களுக்குப் பருப்பு மண்டி. 2018-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, காலை ஏழு மணி. எங்கள் தம்பிக்கு அப்போது வயது 56. கல்லாவில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுக்கக் கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. பித்தம் என்று நினைத்து சோடா கொடுத்தோம். மூட்டை மேல் சாய்த்துப் படுக்க வைத்தோம். வாசலில் லாரி நின்றது. சரக்கை இறக்கிவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டோம். மருத்துவமனை சேர்ந்தபோது பகல் ஒரு மணி.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்கள் தம்பிக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. பெரிய குழாயில் அடைப்பு உள்ள சிலருக்குக் கம்பி செலுத்தி அடைப்பை எடுக்கும் சிகிச்சையை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆகவே தாமதமானாலும் போகாமல் இருக்கக் கூடாது. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதற்கு முன் நாமாக ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. சோடாவும் கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

நூறு மதிப்பெண் கணக்கு

தம்பிக்கு மூளையின் இடது பக்கம் பாதிப்பு. அதனால் வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் காட்டி, "இவருக்கு இப்போது 25" என்றார்கள்.

அது பார்தெல் அளவுகோல். 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் பத்து இனங்கள். உண்ணுதல், உடுத்துதல், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், கழிப்பறை போய் வருதல், மாடிப்படி ஏறுதல் ஆகிய ஆறுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். குளித்தல், முகம் கழுவிச் சவரம் செய்தல் இரண்டுக்கும் ஐந்து ஐந்து. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல் இரண்டுக்கும் பதினைந்து பதினைந்து. மொத்தம் நூறு. பாதி உதவியோடு செய்தால் மதிப்பெண் குறையும். வியாபாரிகளான நமக்கு இது எளிதில் விளங்கும். "கொஞ்சம் பரவாயில்லை" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், எந்த இனத்தில் எவ்வளவு வரவு என்று மாதா மாதம் எழுதிப் பார்க்கலாம். நாங்கள் ஒரு பழைய பேரேட்டில் எழுதி வந்தோம்.

அன்பினால் வந்த நஷ்டம்

முதல் இரண்டு மாதம் அந்தப் பேரேட்டில் வரவே இல்லை. காரணம் நாங்கள்தான். தம்பியின் மனைவி சோறு ஊட்டினார். பிள்ளைகள் சட்டை மாட்டினார்கள். நாங்கள் இருவர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் வைத்தோம். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி செய்யும் அம்மா வந்து அரைமணி நேரம் பயிற்சி கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் தம்பி மேல்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஒரு நாள் அந்த அம்மா கேட்டார்: "ஐயா, அவர் செய்ய வேண்டியதையெல்லாம் நீங்களே செய்துவிட்டால் அவர் மூளை எதைப் பார்த்துப் படிக்கும்?"

பிறகு விளக்கமாகச் சொன்னார். மூளையில் செத்த பகுதி திரும்ப வராது. ஆனால் பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். கடையில் ஒரு பழைய ஆள் நின்றுவிட்டால் மற்றவர்கள் அவர் வேலையையும் செய்து செய்து பழகுவதுபோல. வேலை கொடுத்தால்தான் பழகும். முதல் மூன்று மாதம் இந்தப் பழக்கம் வேகமாக ஏறும், ஆறு மாதத்துக்குப் பின் வேகம் குறையும். ஆனால் அடியோடு நின்றுவிடாது.

இதற்குச் சான்றாக ஒரு ஆராய்ச்சி உண்டு. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2006-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டார்கள். எல்லா வேலையும் தளர்ந்த கையாலேயே செய்ய வேண்டும். அவர்களுக்கு மற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் கிடைத்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது விரிக்க முடிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும்.

கடையே பயிற்சிக்கூடம்

நான்காம் மாதம் தம்பியைத் தினமும் ஒரு மணி நேரம் மண்டிக்கு அழைத்து வந்தோம். அந்த அம்மா எழுதிக் கொடுத்தபடி ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குத் துவரம்பருப்பை அள்ளிப் போடுவது முதல் வேலை. பிறகு மொச்சை, கொண்டைக்கடலையைப் பொறுக்கிப் பிரிப்பது, காசுகளை வகை பிரிப்பது, சாக்கை இடது கையால் பிடித்து வலது கையால் சுருட்டுவது, பொட்டலத்தில் நூல் சுற்றுவது. ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சலித்துக்கொள்பவர், பருப்பு என்றால் அரைமணி நேரம் உட்கார்ந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை அப்போது கண்ணால் கண்டோம்.

பேச்சு விஷயமும் இப்படித்தான். "தண்ணீர்" என்று கேட்க வாய் வராது. ஒரு நாள் பையன் படியால் உளுந்து அளந்துகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த தம்பி தெளிவாக, "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினார். கடையில் இருந்த எல்லோரும் அளப்பதை விட்டுவிட்டு நின்றோம். பேச்சுப் பயிற்சியாளரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. பல்லாண்டு வாய்ப்பழக்கமான எண் வரிசை, ஸ்லோகம், பாட்டு இவை பேச்சு போனவர்களுக்கும் பல நேரம் மிஞ்சியிருக்கும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மேலே பயிற்சி கொடுத்தார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது. சட்டையைத் தளர்ந்த கையில் முதலில் மாட்டி, கழற்றும்போது நல்ல கையிலிருந்து முதலில் கழற்ற வேண்டும். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். கழிப்பறையில் உட்காரும் கோப்பையும் சுவரில் கைப்பிடியும் வையுங்கள். நடைபாதையில் விரிப்பு, மிதியடி கூடாது.

மனத்தையும் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. எதற்கும் எழாமல் இருந்தால் சோம்பல் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

வீட்டார் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைச் செய்யச் சொன்னதால் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்றவர் வழிகாட்ட வேண்டும், நாம் அதை நாள்தோறும் நடத்த வேண்டும். வசதி குறைந்தவர்கள், தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் இரத்த அழுத்த மாத்திரை தருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு.

கையெழுத்தும் கடன் கணக்கும்

வியாபாரி என்ற முறையில் ஒரு வார்த்தை. தம்பியின் வலது கை போனதும் காசோலைகள் நின்றன. நோயால் கையெழுத்திட முடியாதவர்கள் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது தெரியாமல் மூன்று வாரம் அலைந்தோம். வெளியூர்க் கடன் பாதி அவர் மனக்கணக்கில் இருந்தது. பேச்சு போனபோது அந்தக் கணக்கும் போயிற்று. சில கடைக்காரர்கள் தாமாக வந்து பாக்கியைக் கொடுத்தார்கள், சிலர் வரவில்லை. ஆகவே கணக்கை ஏட்டில் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் இன்னொருவர் கையெழுத்தும் செல்லும்படி இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

இன்று

பேரேட்டில் தம்பிக்கு இப்போது 90. குளிக்க ஒருவர் துணை வேண்டும். சட்டைப் பொத்தான் போட இன்னும் கை வரவில்லை. அந்தப் பத்து மதிப்பெண் வராமலே போகலாம். கையெழுத்து இடது கையால்தான். காலையில் மூன்று மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார், பிறகு அசதி வந்துவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது 2016-லேயே தெரியும். நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார், நாங்களும் கேட்கவில்லை. ஒருமுறை வந்தவருக்கு இரண்டாம் முறை வரும் ஆபத்து அதிகம். இப்போது மாத்திரை டப்பா கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் போணிக்கு முன் அதைப் போட்டுக்கொள்கிறார்.

நம் சங்கம் ஆண்டுக்கு இருமுறை கடைவீதியிலேயே இரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடத்தினால் நல்லது என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஆகும் செலவில் எங்கள் மண்டியும் பங்கு தரும்.