விலையில்லாத மீனும் பெயரில்லாத மீனும்

தறியோசையில் விழிக்கும் எங்கள் அம்மையார்குப்பத்திலிருந்து கடல் தொலைவு. அண்மையில் பேத்தியுடன் மாமல்லபுரம் சென்றிருந்தேன். கடற்கரைக் கோயிலை அடுத்த பாறைகளில் அலை வடிந்தபோது, விரல் நீள மீனொன்று ஒரு குழிநீரிலிருந்து மற்றொன்றுக்குத் துள்ளியது. “என்ன மீன், தாத்தா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. அருகிலிருந்த மீனவர், “அது விலை போகாத பொடிமீன் ஐயா” என்றார்.

பொருளியல் கற்பித்த என்னை அந்த விடை உறுத்தியது. ஊர் திரும்பி நூல்களைப் புரட்டினேன்.

கரையோரப் பாறைகளில் வாழும் சிறுமீன்களில் இரு குடும்பங்கள் எளிதில் குழப்பம் தருபவை. ஒன்று, நாம் உளுவை என்றழைக்கும் மீன்களின் குடும்பம், மற்றொன்று பிளென்னி. நிறத்தை நம்பக் கூடாது. இரண்டிலும் பாறையின் நிறத்தோடு ஒன்றிவிடும் இனங்கள் பல. எங்கள் ஊர் நெசவாளர் சாயத்தைவிட நெசவைப் பார்த்தே துணியை மதிப்பிடுவார்கள். இங்கும் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

உளுவைகளுக்குப் பொதுவாக முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். வயிற்றுத் துடுப்புகள் இணைந்து கிண்ணம்போல் பாறையைப் பற்றிக்கொள்ளும். பிளென்னிக்குப் பெரும்பாலும் ஒரே நீண்ட முதுகுத் துடுப்பு. வயிற்றுத் துடுப்புகள் மெல்லிய இழைகளாகக் கழுத்தடியில் இருக்கும். உடலில் செதில் இல்லை, வழுவழுப்பான தோல். பல இனங்களில் கண்மேல் சிறு இழைகளும் உண்டு. பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் இனங்களுக்குச் சீப்புப் போன்ற பற்கள். நாங்கள் கண்டது, ஒரே நீண்ட துடுப்புடைய பிளென்னியாகவே இருக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை ‘இந்திய மீன்கள்’ நூலை வெளியிட்டார். 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றி, பின்னர் மண்டபத்தில் இயங்கியது. ஆயினும் மீன்பிடிப்புக் கணக்கில் ஏறுவது துறைக்கு வந்து சேரும் மீன்தான். பாறையிடுக்கை விட்டு வராத மீன் ஏலத்துக்கும் வருவதில்லை, கணக்கிலும் ஏறுவதில்லை.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அலைத்தடுப்புக்காகக் கரை மாற்றப்படும்போதும், கழிவுநீர் பாறைக்குழிகளில் கலக்கும்போதும் எது அழிந்தது என்று சொல்ல, முன்பு எது இருந்தது என்ற பதிவு வேண்டும். பெயரில்லாததன் இழப்பை எந்தப் பேரேடும் காட்டாது.

கடலோரப் பள்ளிகள் வற்றுநேரத்தில் மாணவரை அழைத்துச் சென்று, பிடிக்காமல் பார்த்து எழுதச் சொல்லலாம். மீனவர் வழங்கும் பெயர்களையும் கேட்டுப் பதியலாம். செலவு ஒரு குறிப்பேடுதான். என் பேத்தி தன் குறிப்பேட்டில் முதல் வரியை எழுதிவிட்டாள்: “ஒரே நீளத் துடுப்பு.”