எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு உரிய இடம் எது?

மே மாதத்தில் மும்பையிலிருந்து புணேக்குச் செல்லும் போர்காட் ஏற்றத்திலோ, ராஜஸ்தானத்து நெடுஞ்சாலைகளிலோ பயணம் செய்வோர், முகப்பு மூடி திறந்து கிடக்க, ஆவி கக்கியபடி சாலையோரத்தில் நிற்கும் கனரக வாகனங்களைக் கண்டிருப்பார்கள். ராஜஸ்தானத்தின் பலோடி நகரில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் 51 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் பதிவாயிற்று. இத்தகைய நாடொன்றில் எஞ்சினைக் குளிர்விப்பது உதிரி ஏற்பாடன்று. வாகனத்தின் ஆயுளையே அது நிர்ணயிக்கிறது. எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரின் மீது பழி சுமத்துவது வழக்கம். ஆனால் எண்ணெயைக் குளிர்விப்பதற்கென்று பொருத்தப்பட்ட சாதனமே, இடம் தவறி அமைந்ததால், எஞ்சினைச் சூடேற்றிவிடுவதும் உண்டு.

டீசல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரங்களைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பகுதி குளிர்நீரும் எண்ணெயும் சுமந்து செல்லவேண்டிய வெப்பமாகிறது. எஞ்சின் எண்ணெய் 100 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் நன்கு பணிபுரியும்; 130 டிகிரியைக் கடந்தால் அது நீர்த்துப்போய், தாங்கிகளுக்கிடையே இருக்கவேண்டிய மெல்லிய படலம் அறுந்துவிடக்கூடும். தானியங்கிக் கியர் பெட்டியின் எண்ணெய் இன்னும் மென்மையானது. 80 முதல் 95 டிகிரி வரை அதற்கு உகந்தது. 120 டிகிரிக்கு மேல் அது விரைவாகக் கெட்டு, ரப்பர் அடைப்புகளை இறுகச் செய்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகுவதற்கு வழிசெய்யும். அத்தகைய பெட்டியிலுள்ள டார்க் கன்வர்ட்டர் திரவத்தின் வழியே விசையைக் கடத்துவதால், ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் சக்தியில் கணிசமான பங்கு எண்ணெயைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடுகிறது.

குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை; ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் ஒப்படைக்கிறது. யாரிடம் ஒப்படைக்கிறது என்பதே அதன் இடத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாகும்.

ஒரு கணக்கு

130 கிலோவாட் ஆற்றல் கொண்ட எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் அது குளிர்நீரில் சேர்க்கும் வெப்பம் 80 கிலோவாட் என்றும், கியர் பெட்டி 80 சதவீதத் திறனுடன் இயங்குவதால் 26 கிலோவாட் எண்ணெயில் சேர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். விசிறி நொடிக்கு 3 கிலோகிராம் காற்றை இழுக்கிறது. வெளிக்காற்று 45 டிகிரி. ரேடியேட்டர் நீர் 95 டிகிரி. நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள இந்த 50 டிகிரி வேறுபாடே 80 கிலோவாட்டை வெளியேற்றுகிறது.

எண்ணெய்க் குளிர்விப்பானை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினால், அந்த 26 கிலோவாட் காற்றின் வெப்பநிலையைச் சுமார் 9 டிகிரி உயர்த்தும். ரேடியேட்டரைத் தொடும் காற்று 54 டிகிரியாகிவிடும். முன்போலவே 80 கிலோவாட் வெளியேற வேண்டுமாயின், நீரின் வெப்பநிலை 104 டிகிரிக்கு ஏறியாக வேண்டும். முன்னால் ஒரு தடை நிற்பதால் காற்றோட்டம் குறைவது இதற்கு மேற்பட்ட இழப்பு.

அதே எண்ணெயை ரேடியேட்டரின் வெளியேற்றுத் தொட்டிக்குள் வைத்த குழாய் வழியாக நீரைக்கொண்டு குளிர்வித்தாலோ, ரேடியேட்டர் 80-க்குப் பதிலாக 106 கிலோவாட் சுமக்க நேரிடும். நீர் ஏறத்தாழ 16 டிகிரி உயரும். தனிக் காற்றுவழியும் தனி விசிறியும் கொடுத்து ஒதுக்குப்புறமாக அமைத்தால் நீரின் வெப்பநிலை மாறவே மாறாது. காற்று நன்கு கலந்து பாய்கிறது என்ற எளிய அனுமானத்தின் பேரில் போட்ட கணக்குத்தான் இது. எனினும் மூன்று இடங்களின் தராதரத்தை இது சரியாகவே காட்டுகிறது.

ஆயினும் தனியிடமே எப்போதும் சிறந்தது என்று முடிவுகட்டுவதற்கில்லை. ஏற்றத்தில் மணிக்கு 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்துக்கு எதிர்காற்றால் பயனில்லை. விசிறியின்றிப் பக்கவாட்டில் தொங்கவிடப்பட்ட குளிர்விப்பான், மிகவும் தேவைப்படும் வேளையில் செயலற்று நிற்கும். சட்டகத்தின் அடியில் வைத்தால் கல்லும் சேறும் தாக்கும். அருகில் புகைக்குழாய் இருப்பின் குளிர்விப்பானே சூடேற்றியாக மாறிவிடும். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே செருகுவது எல்லாவற்றினும் மோசம். மேற்கூறிய கணக்கின்படி அங்கு வரும் காற்று 70 டிகிரியைத் தாண்டியிருக்கும்; 90 டிகிரி எண்ணெயை அதனால் எவ்வளவு குளிர்விக்க முடியும்?

எந்தப் பொருள் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு வரவேண்டுமோ, அதற்கே முதற்காற்று உரியது. எனவே டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதியும், குளிர்சாதனத்தின் கண்டென்சரும் முன்வரிசைக்கு உரிமை கொண்டாடுகின்றன. எண்ணெய்க்கு அங்கு இடம் கிடைப்பின், ரேடியேட்டரின் முழு முகத்தையும் மறைக்காத சிறிய பரப்புடன் நிற்பது நலம்.

வெப்பம் எழும் வேளை

இடத்தைத் தீர்மானிப்பதில் இதுவரை அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. எஞ்சினின் வெப்பமும் எண்ணெயின் வெப்பமும் ஒரே வேளையில் எழுகின்றனவா, மாறி மாறி எழுகின்றனவா என்பதே அது.

ஏற்றத்தில் இரண்டும் சேர்ந்தே உச்சத்தை அடைகின்றன. அப்போது எண்ணெயின் சுமையை நீரின் தலையில் ஏற்றுவது ஆபத்து. இறக்கத்தில் நிலைமை வேறு. மலைமேலுள்ள இரும்புத்தாதுச் சுரங்கத்திலிருந்து, சுமையுடன் 60 டன் எடையுள்ள டம்பர் வண்டி, 16-க்கு 1 சரிவில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதாகக் கொள்வோம். சாலையின் உராய்வு போக, ஏறத்தாழ 125 கிலோவாட் ஆற்றலை ஏதேனும் ஒன்று தொடர்ந்து உறிஞ்சவேண்டும். பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். ஆகவே கியர் பெட்டியிலுள்ள ரிட்டார்டர் அந்த ஆற்றலை எண்ணெயில் வெப்பமாக்குகிறது. நல்லவேளையாக, எஞ்சினில் அப்போது எரிபொருள் அநேகமாக எரிவதில்லை; ரேடியேட்டரின் முழுத் திறனும் வாளாவிருக்கிறது. இங்கு நீரால் குளிர்விக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானே தக்கது. தாழ்ந்த கியரில் எஞ்சின் வேகத்தை ஓட்டுநர் குறையவிடாமல் வைத்திருந்தால்தான் நீர்ப்பம்பும் விசிறியும் ஈடுகொடுக்கும் என்பதைப் பயிற்சியில் வலியுறுத்த வேண்டும்.

நீர்வழிக் குளிர்விப்பு ரயில்வேக்குப் பழக்கமானதே. வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலை 1964 முதல் உருவாக்கிய 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 என்ஜினில், மசகெண்ணெயின் வெப்பம் நீருக்கு மாறி, பிறகே ரேடியேட்டர் வழியாக வெளியேறியது.

உயரமும் குளிரும்

மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. விசிறி அதே கனஅளவுக் காற்றை இழுத்தாலும், வெப்பத்தைச் சுமக்கும் காற்றின் நிறை குறைந்துவிடுகிறது. திறந்த பாத்திரத்து நீர் அங்கு 87 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். அழுத்த மூடி பழுதின்றி இருப்பது இன்றியமையாதது. ஆனால் அதே இடத்துக் குளிர்காலக் காலையில் எண்ணெய் கூழாக உறைந்து குளிர்விப்பானுள் செல்ல மறுக்கும். முன்வரிசையில் வைத்த காற்றுக் குளிர்விப்பானுக்குத் தெர்மோஸ்டாட்டுடன் கூடிய மாற்றுவழிக் குழாய் கட்டாயம் தேவை. நீர்வழி முறையில் நீர் எண்ணெயை விரைந்து சூடாக்கித் தருவது ஒரு கூடுதல் நன்மை. உட்குழாய் அரித்து ஓட்டை விழுமாயின் நீரும் எண்ணெயும் கலந்து, கியர் பெட்டி முழுவதையும் பிரிக்க நேரிடும் என்பது அம்முறையின் குறை.

பேருந்துகளும் தூசியும்

பின்புறம் எஞ்சின் கொண்ட தாழ்தளப் பேருந்துகளில் எதிர்காற்றின் உதவி அறவே இல்லை. அடிக்கடி நின்று புறப்படும் நகரப் போக்குவரத்தில் டார்க் கன்வர்ட்டரும் ஓயாது உழைக்கிறது. பேருந்தின் பின்னால் தூசி சுழன்றெழுவதால், காற்று நுழையும் வாயில் பக்கவாட்டில், இயன்ற அளவு உயரத்தில் இருக்கவேண்டும். வெளியேறிய சூடான காற்று மீண்டும் அவ்வாயிலுக்குத் திரும்பாதபடி விளிம்புகள் ரப்பர் பட்டைகளால் அடைக்கப்படவேண்டும். சில ரூபாய் பெறாத இந்தப் பட்டை கிழிந்து போனதாலேயே சூடேறும் வண்டிகள் உண்டு.

நிலக்கரிச் சுரங்கத்தின் கரித்தூளும், பஞ்சாபின் கோதுமை அறுவடை இயந்திரங்கள் எழுப்பும் உமியும் வேறொரு தொல்லை. இரண்டு குழாய்த்தொகுதிகளை ஒன்றன்முன் ஒன்றாக வைத்தால், குப்பை இரண்டுக்கும் நடுவே சென்று சேர்கிறது. முன்புறம் பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தமாகவே தோன்றும்; உள்ளே பாதிக் காற்றுவழி அடைபட்டிருக்கும். எனவே முன்னுள்ள தொகுதி கீல் கொண்டு கதவைப்போல் விலகித் திறக்கவேண்டும். பணிமனையில் கழற்ற அரைநாள் பிடிக்கும் அமைப்பு நடைமுறையில் கழற்றப்படுவதே இல்லை. காற்றைப் பீய்ச்சும்போது விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பீய்ச்சுவதே முறை.

கொள்முதல் செய்யும் அதிகாரிகள் ஒப்பந்த விவரக்குறிப்பில் குளிர்விப்பானின் பரப்பை மட்டும் கேட்பதோடு நிற்கலாகாது. எந்த வெளிவெப்பத்தில், எந்த ஏற்றத்தில், எத்தனை நிமிடம் முழுச் சுமையில் சோதிக்கப்பட்டது என்றும், அப்போது நீரும் இரு எண்ணெய்களும் எந்த வெப்பநிலையில் நிலைத்தன என்றும் கேட்கவேண்டும். பழைய வண்டியில் புதிதாகக் குளிர்விப்பானைச் சேர்க்கும் பணிமனைக்கு இத்தனை வசதி இராது. முகப்புக்கு வெளியே ஒரு வெப்பமானி, ரேடியேட்டரின் முகத்தை ஒட்டி மற்றொன்று எனப் பொருத்தி, பொருத்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தாலே போதும். இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எத்தனை டிகிரி கூடியிருக்கிறதோ, அத்தனை டிகிரி எஞ்சின் நீரிலும் கூடும் என்று எதிர்பார்க்கலாம்.