கத்தரிக்கோல்

பாசிர் பெனம்பாங்கிலிருந்து சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கோல சிலாங்கூர் நகரை அடையலாம். முடிதிருத்தும் கடைகளின் பெயர்ப்பலகையில் 'கெடாய் குந்திங் ரம்புட்' என்று எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதிலுள்ள 'கெடாய்' வேறொன்றுமில்லை, நம்முடைய 'கடை'தான். முற்காலத்தில் வணிகத்தின் வழி மலாய்மொழிக்குச் சென்ற தமிழ்ச்சொல் அது. 'குந்திங்' மலாய்ச்சொல். வகுப்பில் சிலர், "டீச்சர், குந்திங் இருக்கா?" என்று கேட்பதுண்டு. அதற்குத் தமிழில் கத்தரிக்கோல் என்று பெயர்.

இச்சொல்லில் இரண்டு பகுதிகள் உள்ளன. 'கத்தரி' என்றாலே அக்கருவியைக் குறிக்கும். இது 'கர்த்தரி' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. வெட்டுவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். 'தர்மம்' பாலி மொழியில் 'தம்மம்' ஆனதைப் போல, இங்கும் 'ர்' மறைந்து 'த்' இரட்டித்தது. கன்னடத்தில் கத்தரி, தெலுங்கில் கத்தெர, சிங்களத்தில் கத்துர என இதே சொல் வழங்குகிறது.

சரி, இதில் கோல் எங்கே இருக்கிறது? கோல் என்றால் குச்சி மட்டுமன்று. எழுதுகோல், அளவுகோல், திறவுகோல், துலாக்கோல் ஆகியவற்றைப் போலக் கையாளும் கருவியையும் அது குறிக்கும். கத்தரி + கோல் எனச் சேரும்போது வலிமிகுந்து கத்தரிக்கோல் ஆகிறது. 'கத்திரிக்கோல்' என்றும் எழுதுவர். ஆங்கிலத்தில் இக்கருவி ஒன்றே ஆயினும் பன்மையில்தான் சொல்வார்கள். அதைப் பார்த்து, ஒரே கருவியைக் 'கத்தரிக்கோல்கள்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

பெயர்ச்சொல்லிலிருந்து 'கத்தரித்தல்' என்னும் வினையும் பிறந்தது. தையற்காரர் துணியைக் கத்தரிக்கிறார். ஆனால், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களில் நெல்லை அறுக்கிறார்கள். தோட்டத்தில் செம்பனைக் குலையை வெட்டுகிறார்கள். ரப்பர் மரத்தைச் சீவுகிறார்கள். சமையலறையில் காயை நறுக்குகிறோம். செடியிலிருந்து பூவைக் கொய்கிறோம். எல்லாவற்றுக்கும் 'கட் பண்ணு' என்று சொல்லிப் பழகிவிட்டால், எந்தக் கருவியால், எதை, எப்படி என்பதெல்லாம் பேச்சிலிருந்து மறைந்துவிடும். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி ஒருவரிடம் 'மரம் சீவுவது' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதுவரை சொல்வார்.

நெருக்கமானவராக இருந்துகொண்டே மறைவாகத் துரோகம் செய்பவரை மலாய்மொழியில் 'குந்திங் டாலாம் லிப்பாத்தான்' என்பர். மடிப்புக்குள் இருக்கும் கத்தரிக்கோல் என்பது அதன் பொருள். நாம் 'கூட இருந்தே குழி பறிப்பவர்' என்கிறோம். அங்கே கத்தரிக்கோல், இங்கே மண்வெட்டி!